கனமான சாட்சி

மார்ச் 2

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும். நலம் உண்மை, ஆவல் வேறு ஒன்றில்.

போன் செய்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் போனை எடுப்பது பெரியப்பா. எங்கள் நம்பரைப் பார்த்ததும் "ராங் நம்பர்" என்று சொல்லி வைப்பதும் பெரியப்பா. அதனால்தான் உங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன். மாணவியின் லீவ் லெட்டரைப் படிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா செகண்ட் ஹாண்டில் ஒரு கார் வாங்கிவிட்டார்! அத்தை மகள் கல்யாணப் பந்தியில் பெரியப்பா, "உனக்கு சைக்கிளே நேரா ஓட்ட வராது, நீ கார் ஓட்டப் போறியா?" என்று கேட்டாரே. அப்பாவும் இலையை மூடிவிட்டு, "கார்ல வந்து உங்க வாசல்ல நிக்கிறேண்ணே. அதுவரைக்கும் பேச்சில்ல" என்று எழுந்து வந்தாரே. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கார் வந்தேவிட்டது.

வந்தது கார் மட்டும் இல்லை, கூடவே ஒரு சத்தமும். கடை வைத்து ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி போட்டுவிடுகிற அப்பா, இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டார். பின்னால் பாரம் ஏறினால் இடது பக்கம் 'கடக் முடக்' என்கிறது. தெருமுனை மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஷாக் அப்சார்பர் போச்சு. வித்தவன்ட்டயே போங்க, கேரண்டி இருக்குல்ல" என்றார்.

விற்றவருக்கு நான் வைத்த பெயர் பல்லழகர். எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் முப்பத்திரண்டு பல்லும் பதில் சொல்லும். தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "சத்தமே இல்லையே சார்" என்றார். நியாயம்தான். காலி வண்டி சாது. எங்கள் குடும்பம் மொத்தமும் ஏறினாலும் அதற்குக் காலி வண்டிதான். நாங்கள் அத்தனை பேரும் ஒற்றை நாடி. அப்பா இரண்டு சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு போனார். சத்தம் ஜோராக வந்தது. பல்லழகர் பதறிவிட்டார். "மூட்டை ஏத்தினீங்களா? கேரண்டி ஆளுக்குத்தான் சார், மூட்டைக்கு இல்ல. ஆள் உக்காந்து சத்தம் வரட்டும், நாளைக்கே மாத்தித் தர்றேன்."

எதிர்வீட்டு ஜிம் மாஸ்டரை உட்காரவைத்துப் பார்த்தோம். அவருக்கு எடை எல்லாம் பேச்சில்தான் போலிருக்கிறது. வண்டி மூச்சே விடவில்லை.

மாதக் கடைசியோடு கேரண்டி முடிகிறது. சொந்தமாகச் செலவு செய்து மாற்ற, கார் வாங்கிய கையில் காசும் இல்லை. "முனகுற வண்டியில போய் அண்ணன் வாசல்ல நின்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாரு. கிடைச்ச விலைக்குத் தள்ளிவிட்டுர்றேன்" என்கிறார் அப்பா. தள்ளிவிட்டால் இன்னொரு கார் இந்த ஜென்மத்தில் கிடையாது. அப்புறம் பேச்சும் கிடையாது.

நம் வம்சத்தில் இரட்டை நாடி ஒரே ஒருவர்தான். அவரை எப்படியாவது பின்சீட்டில் உட்காரவைக்க வேண்டும்.

உங்கள் தயவை மலைபோல் நம்பியிருக்கும்
(மலை என்றது பெரியப்பாவை அல்ல)
வாலு

மார்ச் 8

வாலுக்கு,

ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்துச் சிரித்துத் தொலைத்தேன். லீவ் லெட்டரில் என்ன சிரிப்பு என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். இனிமேல் துக்கமாக எழுது.

'தம்பியின் கார் முனகுகிறதாம்' என்று உன் பெரியப்பாவிடம் சொன்னேன். முகத்தில் நூறு வாட்ஸ் பல்பு. பேக்கரிக்கு வந்தவர்களுக்கெல்லாம் பன்னோடு சேர்த்து "நான் அப்பவே சொன்னேன்" என்பதையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அப்புறம் பல்லழகரின் மூட்டை நியாயத்தைச் சொன்னேன். மாவு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "அவனை நான் திட்டலாம். ஊரான் எவன் ஏமாத்துறது?" என்றார்.

சனிக்கிழமை வருகிறார். ஆனால் உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாராம். "சும்மா உக்காந்துட்டு அடுத்த பஸ்ஸில வந்துருவேன்" என்கிறார். நான் வரவில்லை, எனக்குத் திருத்தவேண்டிய பரீட்சைத் தாள் இருக்கிறது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுது.

அவர் போட்டுக்கொள்ள இருக்கும் புதுச் சட்டையைப் பற்றி யாரும் எதுவும் கேட்காதீர்கள்.

பெரியம்மா

மார்ச் 12

துக்கத்துடன் பெரியம்மாவுக்கு,

எல்லாம் தயார். 'கனமான சாட்சி ஒருத்தர் வர்றார்' என்று மட்டும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஸ்கூல் பி.டி. மாஸ்டர் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. உண்மையைத் தொந்தரவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு விஷயம் தெரியும். "ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டா நீதான் பொறுப்பு" என்கிறாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் பெரியப்பா பின்கதவைத் திறக்கவேண்டும். ஓட்டுகிறவர் இறங்கி ஓட முடியாது பாருங்கள்.

பயத்தை வெளியே காட்டாத
வாலு

மார்ச் 17

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

பெரியப்பா சொன்ன நேரத்துக்குப் பல்லழகர் கடை வாசலுக்கு வந்தார். பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து ஒரு வணக்கம் வைத்தது. அப்பா கண்ணாடியில் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. பெரியப்பா ஜன்னல் வழியாக ஒரு குப்பைத் தொட்டியை ரசித்துக்கொண்டிருந்தார். நடுவில் நான். முன்னால் பல்லழகர், பற்களோடு.

கிளம்பினோம். சத்தம் வரவில்லை!

ஏன் வரும்? அப்பா நிறைகுடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். பள்ளத்தைக் கண்டால் தூங்குகிற குழந்தையைத் தாண்டுவதுபோல ஒதுங்கினார். வேகத்தடையில் எறும்பு மாதிரி ஏறி எறும்பு மாதிரி இறங்கினார். ஆளே இல்லாத திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டு, யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தார். "அப்பா, எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்களேன்" என்றேன். "நான் எப்பவுமே இப்படித்தான் ஓட்டுவேன்" என்றார், என்னிடம் இல்லை, கண்ணாடியிடம். போன வாரம் ஒரு பள்ளத்தில் விட்டு அம்மாவின் கொண்டையைக் கலைத்தவர் இவர்தான்.

"பாத்தீங்களா சார்? ஆள் ஏறியாச்சு. சத்தம் இல்ல. வண்டி தங்கம்" என்று பல்லழகர் ஓரமாக நிறுத்தச் சொன்னார். பையிலிருந்து காகிதம் வந்தது. 'குறை எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது. "ஒரு கையெழுத்து மட்டும் சார்."

பெரியம்மா, அப்பா பேனாவை வாங்கிவிட்டார்! அண்ணன் முன்னால் கன்னாபின்னாவென்று ஓட்டுவதைவிட, சத்தத்தோடு காலம் தள்ளிவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மூளையெல்லாம் வீண்.

"டேய்! பேனாவை வை."

ஜன்னல் பக்கமிருந்து வந்த குரல்.

"இப்படி உருட்டிக்கிட்டே போனா எப்படிடா சத்தம் வரும்?"

"நான் எப்பவுமே..."

"தெரியுதுடா. நல்லாத்தான் ஓட்டுற. என்னைவிட நல்லாவே ஓட்டுற. அன்னிக்குப் பந்தியில நான் பேசினது தப்பு. போதுமா? இப்ப எனக்காக ஒரே ஒரு தடவ கேவலமா ஓட்டு."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டு, "பெல்ட்டப் போட்டுக்குங்கண்ணே" என்றார்.

அப்புறம் வண்டியைத் திருப்பி அந்த வேகத்தடையை நோக்கி விட்டார் பாருங்கள்! கடக் முடக் கடகட தடால்! 'தடால்' மட்டும் வண்டியுடையது இல்லை. பல்லழகரின் தலை கூரையில் இடித்த சத்தம். பெரியப்பா முன்னால் குனிந்து, "சரியாக் கேக்கலையோ தம்பி? இன்னொரு தடவ போலாமா?" என்று அக்கறையாக விசாரித்தார். "வேணாம் சார், நல்லாக் கேட்டுச்சு" என்றார் அவர். அப்போதுதான் அவர் வாய் மூடியிருப்பதை முதன்முதலாகப் பார்த்தேன்.

காகிதத்தின் பின்பக்கத்திலேயே, இரண்டு ஷாக் அப்சார்பரும் கேரண்டியில் மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டியை அவர் கடையிலேயே விட்டு வந்தோம். வியாழக்கிழமை கிடைக்கும்.

"வீட்டுக்கு வாங்கண்ணே" என்று அப்பா கூப்பிட்டார். "நீ வாசல்ல வந்து நிக்கிறேன்னு சொன்னவன். அதுக்குள்ள நான் உன் வீட்டுக்கு வந்தா நல்லாவா இருக்கும்?" என்று பஸ் ஏறிவிட்டார். வழக்கையே குழப்பிப் பார்க்கிற சாட்சி!

புதுச் சட்டையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்த அம்மா கேட்டுவிட்டாள்.

இன்னும் படபடப்பு அடங்காத
வாலு

மார்ச் 24

வாலுக்கு,

இந்தக் கடிதத்தை உன் அப்பா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறேன், பிரிக்கமாட்டார்.

லென்ஸ் வாங்கப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கிறார். காலையில் வாசலில் வண்டி வந்து நின்றது. சத்தம் இல்லாமல் வந்ததால் எனக்கே தெரியவில்லை. உன் பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "போய்க் கூப்பிடுங்க" என்றேன். "ஹாரன் அடிக்கட்டும்" என்றார். வெளியே போய், "ஹாரன் அடிங்க தம்பி" என்றேன். "அண்ணன் வெளிய வரட்டும் அண்ணி" என்றார் உன் அப்பா. இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. ஜன்னல் வழியாகக் கையை விட்டு நானே ஹாரனை அழுத்தினேன். தெருவே எட்டிப் பார்க்கும்வரை எடுக்கவில்லை.

உன் பெரியப்பா மாவுக் கையோடு ஓடிவந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை உதைத்துப் பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்காமல், பானட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "உள்ள வாடா" என்றார்.

வண்டி வந்ததும் பானட்டைப் பார். ஐந்து விரலும் மாவில் அப்படியே பதிந்திருக்கும். துடைத்துவிடலாம் என்று துணி எடுத்துக்கொண்டு போனேன்.

"இருக்கட்டும் அண்ணி" என்றார் உன் அப்பா.

பெரியம்மா