தியோடர் கிடக்கும் இடம்

மோனாபே,
மத்திய பூகன்வில்,
2003 மார்ச் 9.

என் உடன்பிறந்த தம்பி கோஸ்மாஸுக்கு,

உன் தமக்கை பெர்பெட்டுவா ஆசீர்வதித்து எழுதுவது. தேவமாதாவின் துணையால் நானும் சில்வெஸ்டரும் பிள்ளைகளும் குறையின்றி இருக்கிறோம். நீ ஒளிந்திருக்கும் மலைமேல் மழை கனக்கும்போதெல்லாம் உன் நெஞ்சுச்சளியே என் நினைவுக்கு வருகிறது. ஆகவே ஒரு போர்வையும் உப்பும் தேங்காயெண்ணெயும் நம் கோயில் வேதியர் அம்புரோஸ் வசம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். "நான் என்ன சரக்குக் கப்பலா? அக்காளும் தம்பியும் சேந்து என் முட்டிய முறிச்சிட்டுத்தான் ஓய்வீங்க" என்று வழக்கம்போல் அவர் முனகினார். அவரை நன்றாக உபசரித்து அனுப்பு.

நீ சில்வெஸ்டரிடம் கொடுத்தனுப்பிய துப்பாக்கி முறைப்படி இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டப்பட்டது. ஐக்கிய நாடுகள் அலுவலர் நேரில் வந்திருந்தார். அமைதிக் கண்காணிப்புக் குழுவின் மஞ்சள் சட்டைக்காரர்களும் கிதார் சகிதம் வந்திருந்தார்கள். துப்பாக்கி இறங்கி வந்தது, நீ வரவில்லை. அதை எல்லோரும் கவனித்தார்கள்.

அன்று நடந்த ஒன்றை உன்னிடம் மறைப்பது முறையன்று. துப்பாக்கிகளைப் பாய்மேல் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். பிபியானா அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, "இதுவா?" என்று கேட்டார். நம் ஆண்கள் தலைகுனிந்தார்கள். கடைசித் துப்பாக்கி வரை கேட்டு முடித்துவிட்டு, "உங்க இரும்புக்கெல்லாம் வீடு கெடச்சிருச்சு. எம் புள்ளைக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர் மொழி புரியாமலேயே கையை எடுத்துவிட்டார்.

இனி முக்கியமான செய்தி. எரிந்துபோன மருந்தகத்தை அதே மேட்டில் புதிதாகக் கட்டித்தர வெளிநாட்டு உதவி வந்திருக்கிறது. தகரமும் மரமும் சிமெண்டும் கப்பலில் வந்து இறங்கிவிட்டன. நிலம் நம் தாய்வழி நிலம் ஆகையால் என் சம்மதத்தைக் கேட்டார்கள். சபையில் எனக்காகப் பேச வேண்டியவன் நீ. நீ இல்லாமையால் நானே எழுந்து பேசினேன். பள்ளிக்கூடம் போகாமல் ஜெபப் புத்தகத்தைக் கொண்டு தானாகக் கற்றவள் இவ்வளவு திருத்தமாகப் பேசுவாள் என்று எதிர்பார்க்கவில்லை எனப் பாதிரியார் வியந்தார். நான் எதிர்பார்த்தேன்.

ஆனால் வேலை தொடங்கவில்லை. நியூசிலாந்துப் பொறியாளர் கிரெய்க் முளையடித்து நூல் கட்டிவிட்டார். தூணுக்குக் குழி தோண்ட ஒருவரும் கடப்பாரையைத் தொடவில்லை. கூலி போதவில்லை போலும் என்று எண்ணி அவர் கூலியைக் கூட்டினார். பாம்புக்கு அஞ்சுகிறார்கள் என்று எண்ணிப் புதரை எரிக்கச் செய்தார். பிறகு நிலத்தில் வழக்கு இருக்குமோ என்று சந்தேகித்து, கண்காணிப்புக் குழுவிலிருக்கும் ஃபிஜிப் பெண் லித்தியாவை என்னிடம் அனுப்பினார். "அக்கா, நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டோமா?" என்று அந்தப் பெண் கண்கலங்கக் கேட்டாள். நல்ல பெண். எங்களோடு உட்கார்ந்து கிழங்கு சுடுபவள். அவளிடம் என்னவென்று சொல்வேன்?

உனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மருந்தகத்தில் வேலை பார்த்தவன் பிபியானாவின் மகன் தியோடர். அரசாங்கம் தீவை முற்றுகையிட்ட காலத்தில் அரசுப் படைமுகாமுக்குப் போய் மருந்து வாங்கிவந்தவனை உளவாளி என்று சொல்லி, கிளர்ச்சிப் படையிலிருந்த நீங்கள் அந்த மேட்டிலிருந்துதான் அழைத்துப்போனீர்கள். அவன் எங்கே கிடக்கிறான் என்று ஊருக்குத் தெரியாது. கடப்பாரை அவன்மேல் பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எல்லோருடைய அச்சமும். அன்று உன்னோடு இருந்த இருவரும் இன்று உயிருடன் இல்லை. ஆக, அறிந்தவன் நீ ஒருவனே.

என் மகள் ரெஜினா கருவுற்றிருக்கிறாள். மருந்தகம் இல்லாவிட்டால் அவளை அராவா நகரம் வரை டோலி கட்டித்தான் தூக்கிச்செல்ல வேண்டும். ஆகையால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புமாறு உன்னை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் தமக்கை,
பெர்பெட்டுவா

---

மோனாபே,
2003 ஏப்ரல் 2.

அன்புள்ள கோஸ்மாஸ்,

போர்வை கிடைத்ததென அறிந்து மகிழ்ந்தேன். நீ இளைத்துவிட்டாய் என்று வேதியர் சொன்னார். அவர் எல்லோரையும் அப்படித்தான் சொல்வார் என்றாலும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அவர் வழியாக நீ சொல்லியனுப்பியது இதுதான்: "அவன் அந்த மேட்டுல இல்ல. பயப்படாமத் தோண்டச் சொல்லு." ஞாயிறு பூசைக்குப் பிறகு, ஊர் கூடியிருந்த இடத்தில் அதை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் அறிவித்தேன். ஆண்களின் முகம் தெளிந்தது. கிரெய்க் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் காலை கடப்பாரைகளோடு மேட்டுக்கு ஏறினார்கள்.

அங்கே நூல் கட்டிய இடத்துக்கு நடுவில் பிபியானா அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

அழவில்லை, ஏசவில்லை. நான் அருகில் போய், அந்த இடத்தில் தியோடர் இல்லையென்று உறுதியாகிவிட்டது என எடுத்துரைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா பெர்பெட்டுவா, நீதான் பெரிய படிப்புக்காரியாச்சே. அங்க இல்லன்னு தெரிஞ்சவனுக்கு, எங்க இருக்கான்னும் தெரியும்ல?" என்றார்.

தம்பி, சொல்லுக்குத் தடுமாறுகிற வழக்கம் எனக்கு இல்லை. அன்று தடுமாறினேன்.

அன்று முதல் அவர் அங்கேயே இருக்கிறார். இருட்டியதும் வீட்டுக்குப் போகிறார், விடிந்ததும் வந்துவிடுகிறார். அவரைத் தூக்கி அப்புறப்படுத்த எவருக்கும் துணிவில்லை. நான் அனுமதிக்கவும் மாட்டேன். கிரெய்க் முதல் நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். இரண்டாம் நாள் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து நான்கு முளையிலும் கட்டி அவருக்கு நிழல் செய்தார். "கட்டடம் கட்டச் சொன்னா இந்தாளு கெழவிக்குக் கொட்டாய் போடறான்" என்று நம் ஆண்கள் கேலி பேசினார்கள். பேசிவிட்டு அவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக் கட்டினார்கள்.

லித்தியாவிடம் முழுவதையும் சொல்லிவிட்டேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரேனும் திரித்துச் சொல்வார்கள். அவள் உடனே எழுந்து முகாமுக்குப் போனாள். மேலிடத்தில் கேட்டு வந்து, நீ இறங்கி வருவதாயிருந்தால் மஞ்சள் சட்டைக்காரர்கள் இருபுறமும் ஆயுதமின்றி நடந்து வருவார்கள் என்று வாக்களித்தாள். ஜூன் முடிந்தால் அவர்கள் நாடு திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு உன்னோடு நடக்க யார் இருக்கிறார்கள்? பிபியானாவின் சகோதரர்கள் எதுவும் சொல்வதில்லை. எதுவும் சொல்லாதவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அச்சம்.

யார் சுட்டது என்று நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். நீ வந்தால்தான் ஆயிற்று என்றும் வற்புறுத்தவில்லை. வருவதற்கு உனக்கு அச்சமாயிருந்தால் இரு. ஆனால் இடத்தைச் சொல். ஆற்றின் எந்தக் கரை, எந்த மரம் என்று சொல். ஒரு தாய் தன் மகனைத் தேடித் தூணுக்கு வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துவிட்டு வந்து என் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறுகிறேன். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நம் தாயின் பெயரால் கேட்டுக்கொள்கிறேன்.

உன்,
பெர்பெட்டுவா

---

மோனாபே,
2003 ஏப்ரல் 27.

என் அருமைத் தம்பி,

நீ சொன்ன இடத்தில் இருந்தான்.

மேலாற்றின் வளைவு தாண்டி, இரட்டை அத்திமரத்தின் மேற்குப் பக்கம். வேதியர் முன்னே போனார். முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிபியானாவும் அவருடைய இரு சகோதரர்களும் நானும் சில்வெஸ்டரும் போனோம். லித்தியா வரலாமா என்று கேட்டாள். பிபியானா அவளை ஏற இறங்கப் பார்த்து, "வா. ஆனா படம் புடிக்கற பொட்டிய வச்சிட்டு வா" என்றார். அந்தப் பெண் எல்லாவற்றையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். ஆற்றைக் கடக்கையில் பிபியானாவை முதுகில் சுமந்தவளும் அவளே.

சகோதரர்கள் கையால்தான் மண்ணை எடுத்தார்கள். மேலே தட்டைக் கற்கள் நெருக்கி அடுக்கியிருந்தன, காட்டுப்பன்றி கிளறாதபடி. கற்களுக்குக் கீழே அவன் மல்லாந்து கிடந்தான். கை எலும்புகள் இரண்டும் மார்பின்மேல் ஒன்றாயிருந்தன. விரல்களின் நடுவே ஜெபமாலை மணிகள் கிடந்தன.

பிபியானா அவற்றை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது எம் புள்ள மாலையில்ல. அவனுக்கு மாலையே கெடையாது. யாரு வச்சது?" என்று கேட்டார். அவை மரமணிகள், தம்பி. சிறுவயதில் உன் புதுநன்மைப் பூசைக்கு நம் தாய் வாங்கித்தந்தவை. நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் கையால் அடிபடக் காத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை. மண்ணைத் தட்டிவிட்டு மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

தியோடரை அவன் தந்தையின் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அடக்கத்தின்போது பிபியானாவின் மூத்த சகோதரர் உன் பெயரைச் சொல்லி, "வந்திருக்கணும்" என்றார். அவ்வளவே. அதில் கோபம் இருந்ததா என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். இருந்தது. ஆனால் உன்னைக் காணவில்லையே என்ற கோபம் அது. கிடைத்தால் கொல்வேன் என்ற கோபத்தை நான் அறிவேன், இது அதுவன்று.

மருந்தகத்துக்குக் குழி தோண்டியாயிற்று. கிரெய்க் இப்போது ஆழம் போதவில்லை என்று கத்துகிறார். "ஒரு மாசம் தோண்டலன்னு கத்துன, இப்பத் தோண்டறது பத்தலன்னு கத்தற. ஒனக்கு என்னதான்யா வேணும்?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். அவருக்குப் புரியவில்லை, சிரிக்கிறார். ரெஜினா நலமாயிருக்கிறாள்.

இனி நான் எழுதப்போவதை நின்று நிதானித்துப் படி.

நேற்று மாலை பிபியானா அம்மாள் நம் வீட்டுக்கு வந்தார். தியோடரைக் கொண்டுபோன நாள் முதல் அவர் நம் படி மிதித்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு பச்சைப் பாக்கை எடுத்துப் பல்லால் உரித்து, கத்தியால் இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியை என் கண்ணெதிரே சுண்ணாம்போடு மென்றார். மறுபாதியை வாழையிலையில் மடித்து, வெற்றிலைக்கொடியின் காய் ஒன்றையும் சேர்த்துக் கட்டி என் கையில் தந்தார். "இத அந்தப் பயலுக்கு அனுப்பு. எம் முன்னால வந்து மெல்லச் சொல்லு. செவக்குதான்னு பாக்கறேன்" என்றார்.

ஒரே பாக்கைப் பகை தீர்ந்தவனோடுதான் பங்கிட்டு மெல்வோம், பகையாளியோடு மெல்லமாட்டோம் என்பது நீ அறியாததல்ல. அவருடைய பாதியை அவர் மென்றாயிற்று. உன் பாதி இந்தக் கடிதத்தோடு வருகிறது. அதை அங்கே மென்றுவிடாதே.

இலையை ஈரத்துணியில் சுற்றியிருக்கிறேன். மலைக் காற்றில் பாக்கு எத்தனை நாள் பச்சையாயிருக்கும் என்று உனக்கே தெரியும். உயர்ந்த சொற்கள் எனக்குப் பல தெரியும், கோஸ்மாஸ். இப்போது எனக்கு வருவது ஒன்றுதான்.

காய்வதற்குள் வா.

உன் அக்கா