மூக்கோரத்தில் அழுத்திய விரல்

மச்சாள்,

இன்று காலை பக்கத்து வீட்டில் செத்தல் மிளகாய் எரித்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கே இருமல் வந்தது. அவர்களுடைய ஒன்றரை மாதக் குழந்தைக்கு இடது கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதாம், பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறதாம். நாவூறு என்று முடிவுகட்டி, நீர் வடியும் கண்ணுக்கு மிளகாய்ப் புகை காட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன தகுதி? என் மகனுக்கு நானும் இதைத்தானே செய்தேன்.

அதுவும் மூன்று தரம். என் மனுசன், உங்கள் தம்பி, மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட, நான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண் வார்டில் தாதியாக நின்ற நீங்கள், செய்தி கேட்டுப் பண்டத்தரிப்பிலிருந்து பஸ் ஏறி வந்து, வாசற் படலையிலேயே சத்தம் போட்டீர்கள்.

"நாவூறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கண்ணீர் மூக்குக்குள்ளை இறங்கிற சின்னக் குழாய் இன்னும் திறபடேல்லை, அவ்வளவுதான்."

மறுநாள் கிளினிக்கில் டொக்டரும் அதையே சொன்னார். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும், இல்லாவிட்டால் மெல்லிய கம்பி விட்டுத் திறக்கலாம், அதுவரை கண்ணும் மூக்கும் சேரும் மூலையில் விரலை வைத்து அழுத்திக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும் என்றார். நான் நாள் தவறாமல் செய்தேன். பிள்ளைக்கு நோகும் என்று பயந்து பயந்து செய்தேன். ஒரு மாதமாகியும் கண் வடிந்துகொண்டே இருந்தது.

அடுத்த முறை வந்தபோது பார்த்துவிட்டீர்கள். "சும்மா தடவுறீர், அமத்தேல்லை" என்று நகம் வெட்டிய உங்கள் விரலால் அழுத்திக் காட்டினீர்கள். பிள்ளை வீரிட்டது. நான் உங்கள் கையைத் தட்டிவிட்டேன்.

"உங்கடை பிள்ளையெண்டா உப்பிடி அமத்துவியளோ?"

கடைசிவரை வாய்க்காத ஒரு பிள்ளைக்காக நீங்கள் எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் துவாயில் கையைத் துடைத்தீர்கள். "வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அதன் பிறகு ரோசத்தில் நன்றாகவே அழுத்தினேன். பிள்ளைக்கு ஏழு மாதமானபோது கண் சுத்தமாகிவிட்டது. மிளகாய்தான் வேலை செய்தது என்று ஊர் சொன்னது, நான் மறுக்கவில்லை. நீங்களோ அவனுடைய முதல் பிறந்தநாளுக்குச் சேட்டுத் தைக்கத் துணியோடு வந்து, ஒன்றுமே நடக்காதது போலக் கதைத்தீர்கள். ஒரு தரமாவது என்னை ஏசியிருக்கலாம், மச்சாள். மன்னிப்புக் கேட்க ஒரு வாசலாவது கிடைத்திருக்கும். பிறகு கேட்கலாம், பிறகு கேட்கலாம் என்றே இருந்தேன். போன வருடம் நீங்கள் நோயில் விழுந்து ஒரே கிழமையில் கண்ணை மூடிவிட்டீர்கள். எனக்கு என்மீதும் ஆத்திரம், உங்கள்மீதும் ஆத்திரம்.

பின்னேரம் பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்குப் போனேன். நாளைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, கையைக் கழுவி, அந்தச் சின்ன மூக்கோரத்தில் அழுத்திக் காட்டினேன். குழந்தை கத்தியது. தாய்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கடை பிள்ளைக்கும் உப்பிடித்தான் அமத்தினனீங்களோ?"

"ஓம், என்ரை பெடியனுக்கும் இப்பிடித்தான்" என்றேன். அவள் கையை விட்டுவிட்டாள். அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது.

அந்தப் பதில் உங்களிடம் இருக்கவில்லை. இல்லை என்று தெரிந்துதான் நான் கேட்டேன்.