செவந்திக்குச் சலவைக்கல்

நைனா,

காலையில் வீடு முழுக்கக் கொள்ளு வேகிற வாசனை. என் வீட்டுக்காரரை உடம்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். யாரோ கொள்ளு சாப்பிடச் சொன்னார்களாம். மனிதர் விடிந்ததும் விடியாததுமாகக் குக்கரை ஏற்றிவிட்டார். குளித்துவிட்டு வெளியே வந்த நான் ஈரத் தலையோடு அப்படியே நின்றேன். அது உன் சட்டை வாசனை. முதலில் கிண்டி லாயத்திலிருந்தும், பிறகு ஓசூர்ப் பண்ணையிலிருந்தும் ராயபுரத்து வீட்டுக்கு நீ தவறாமல் கொண்டுவந்தது அதை மட்டும்தான்.

வேறு மகளாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பை அணைத்து, "இனிமே இந்த வூட்ல கொள்ளு வேகக் கூடாது, சொல்ட்டேன்" என்று கத்தினேன். அவர் கரண்டியும் கையுமாக முழித்தார். திருவொற்றியூர் எடைமேடையில் கன்டெய்னர் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டியே என் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் கத்தியது உன்னைப் பார்த்து.

இந்த ஆடியில் நீ போனாய். அம்மாவின் குழியையே திறந்து, அவள் மேல் உன்னை வைத்தோம். கல்லறைத் திருநாள் வருகிறது. அதற்குள் கல் வைத்தாக வேண்டும். அந்தக் கல்லில் யார் யார் பெயர் என்பதில் எனக்கும் தம்பி சேவியருக்கும் பேச்சே நின்றுவிட்டது. உயிரோடு இருந்தபோது வீட்டில் இல்லாமல் சண்டை மூட்டினாய். இப்போது செத்தும் மூட்டுகிறாய்.

செவந்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். உன் கதையை வேறு எங்கிருந்தும் தொடங்க முடியாதே.

பந்தயக் குதிரை அவள். பந்தயப் புத்தகத்தில் அவளுக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. நிறத்தைப் பார்த்து நீ வைத்த பெயர் செவந்தி. கிண்டியில் அவளைத் தேய்த்துக் குளிப்பாட்டித் தீனி வைக்கிற குதிரைக்காரன் நீ, லாயத்துப் பேச்சில் சைஸ். ஓட்டத்தில் அவள் சுமார்தான். முதலாளி அவளைக் குட்டிக்காகப் பண்ணைக்கு அனுப்பினார், நீயும் பின்னாலேயே போனாய். அங்கேதான் அவள் யார் என்று தெரிந்தது. முதல் குட்டி குச்சிக்கால் பெட்டை. அது எங்கே ஓடப்போகிறது என்றார்கள். அது பெங்களூரில் கோப்பை வாங்கியது. அதற்கடுத்தது ஆண், அதுவும் வாங்கியது. செவந்தியின் மகள்கள் தாயானார்கள், பேத்திகள் தாயானார்கள். அந்த வயிற்றுக் குட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று முதலாளிகளே பேசினார்களாம். போன வருடம்கூட சேவியர் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். ஏலத்தில் ஒரு கோட்டுக்காரர் மூச்சுவிடாமல் தாய், தாயின் தாய், அவள் தாய் என்று ஒப்பித்துச் செவந்தியில் வந்து நிறுத்தினார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

நீயும் அப்படித்தான் ஒப்பிப்பாய். கிறிஸ்துமஸுக்கு வந்தால் சாப்பிட்டு முடித்து, சுவரில் சாய்ந்துகொண்டு, செவந்தி பெற்ற ஒன்பதையும் பிரார்த்தனை மாதிரி வரிசையாகச் சொல்வாய். எந்தக் குட்டிக்கு நெற்றியில் வெள்ளை, எது பால் குடிக்க அடம் பிடித்தது, எல்லாம் சொல்வாய். காசிமேட்டில் இறால் உரித்துவிட்டு வந்த அம்மா, ஊறி வெளுத்த விரல்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்பாள். ஒருநாள் அவள் கேட்டாள்:

"சேவியரு எப்போ பொறந்தான், சொல்லு பாப்போம்."

"மழ காலமா?"

"பங்குனி வெயிலு. செவந்திக்கு மடி கட்டிக்கிச்சு, குட்டி போடப் போவுதுன்னு பொங்க முடிஞ்சி ஓடினியே, அந்த வருசம்."

நீ சிரித்தாய். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அந்தப் பங்குனியில் நடந்தது உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் நீ அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. குட்டி விழுந்ததும் நஞ்சுக்கொடியைத் தரையில் விரித்துப் போட்டு, எங்கேயாவது ஒரு துண்டு கிழிந்து உள்ளே தங்கிவிட்டதா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பது உன் வழக்கம். "துளி உள்ள நின்னாலும் குதிரை பூடும்" என்று நீதான் எங்களுக்குச் சொன்னாய். சேவியர் பிறந்தது வீட்டில். பக்கத்துச் சந்துக் கிழவிதான் பிள்ளையை எடுத்தாள். நஞ்சில் ஒரு துண்டு உள்ளே நின்றுவிட்டது. அம்மா ரத்தமாகக் கொட்டினாள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை ரிக்‌ஷாவில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். ஆனால் பழைய உடம்பு அவளுக்குத் திரும்பவே இல்லை. ஒன்பது முறை குதிரையின் நஞ்சைக் குனிந்து பார்த்தவன், பெண்டாட்டி பக்கத்தில் ஒரு முறை குனிந்திருந்தால் என்ன குறைந்து போயிருப்பாய்?

அந்த வருடம் நீ ஈஸ்டருக்கு வந்தாய். கையில் பலகாரம். வாயில் செவந்தியின் நான்காவது குட்டி.

ஓசூரில் உனக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். மல்லம்மா என்று பெயர், பண்ணையில் புல் அறுக்கிறவர், ஒரு பெண் குழந்தை. தெருவே எனக்கு முன்னால் தெரிந்து வைத்திருந்தது. நான் உன்னிடம் நேராகவே கேட்டேன், "அந்தக் கொயந்த எனக்குத் தங்கச்சியா நைனா?" நீ கொஞ்சம்கூடக் கூசவில்லை.

"எங்க லைன்ல அப்படிக் கெடையாது. பொலிகுதிரை ஒண்ணு, வருசத்துக்கு அம்பது அறுவது குட்டிக்கு அப்பன். அத்தினியும் அண்ணன் தங்கச்சியா? ஆத்தா ஒண்ணா இருந்தாத்தான் கூடப்பொறப்பு. அப்பன் ஒண்ணா இருந்தா அது ஒண்ணுமே இல்ல."

அது நீ இட்டுக்கட்டியது இல்லை, குதிரைத் தொழிலில் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். குடும்பம் என்றால் அங்கே தாய்தான். ஆனால் அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் உன் வசதிக்கு விரித்துப் போட்டாயே, அந்தத் தைரியம் யாருக்கு வரும்?

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"அப்போ இதுங்க ரெண்டும் என் குடும்பம். உன் பேரு இன்னாத்துக்கு இதுங்க முன்னாடி நின்னுகினு கீது? இனிஷியல எடுத்துக்கினு போ."

நீ செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாய். அம்மா வாய் திறந்தபோதெல்லாம் உனக்கு டீக்கடை இருந்தது.

அம்மா அந்தக் குழந்தையை ஒருநாளும் திட்டியதில்லை. எனக்குச் சின்னதாகிப் போன கவுன்களைத் துவைத்து மடித்து உன் பையில் வைப்பாள். "அது இன்னா பாவம் செஞ்சிது" என்பாள். உன்னைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிறகு செவந்தி செத்தாள். முதலாளி பண்ணையிலேயே புதைத்துச் சலவைக்கல் வைத்தார். அவள் பெயர், தாய் பெயர், பெற்ற ஒன்பதின் பெயர், எல்லாம் அதில் இருந்தன. நீ போட்டோ கொண்டுவந்து அம்மாவிடம் காட்டி அழுதாய். அம்மா போனபோது சிமெண்டுச் சிலுவை வைத்தோம். கல்லுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றாய். அந்த அப்புறம் உன் ஆயுசு முடியும்வரை வரவில்லை. உப்புக் காற்றில் சிலுவையின் கை உடைந்தது. உடைந்ததை நான்தான் கம்பி வைத்துக் கட்டினேன்.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு அந்த ஓசூர்ப் பெண் வந்தாள். கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால், தூணை ஒட்டி நின்றிருந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, உன் நெற்றி, உன் தாடை. பூசை முடிந்து எங்கள் பின்னாலேயே வந்து வீட்டு வாசலில் நின்றாள். வா என்று சொல்வதற்கு முன்னால் என் வாயில் வந்தது ஒரு கேள்வி.

"உங்க அம்மா பேரு இன்னா?"

அம்மா பெயர் எனக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்டேன். புதுக்குட்டி எதைப் பார்த்தாலும் நீ முதலில் கேட்பது அதைத்தானே, "யாரு பெத்தது?" உன் கேள்வி என் வாயில் உட்கார்ந்திருப்பதை நினைத்து எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

"மல்லம்மாங்க. என் பேர் கவிதா. ம. கவிதா" என்றாள். பிறகு தானே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்றாயாம். ஹெட்மாஸ்டர் இனிஷியலாக அவள் அம்மாவின் எழுத்தைப் போட்டாராம். ஏன் உனக்கு அப்பா எழுத்து இல்லை என்று பிள்ளைகள் கேட்டுக் கேட்டு அழ வைத்தார்களாம்.

"நான் சொத்து சுகம்னு எதுவும் கேட்டு வரலைங்க்கா. பண்ணைல செவந்தி கல்லை நான்தான் தினம் கழுவுறேன். குட்டிங்க பேரு ஒண்ணு விடாம அதுல இருக்கும். அப்பாவுக்குக் கல்லு வச்சா, ஒரு ஓரமா என் பேரும் இருந்தா போதும். அவர் எழுத்தோட."

சேவியர் கதவில் கையை ஊன்றி நின்றான். நாற்பத்தைந்தைத் தொடுகிறவன், நின்ற நிலை முழுக்க நீ.

"அத்தெல்லாம் ஆவாதும்மா. நைனாவே சொல்லிக்கீறாரு. அப்பன் ஒண்ணுன்னா கூடப்பொறப்பு இல்ல. ஆத்தா வேற, குடும்பம் வேற."

அவள் படியில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டாள். போகும்போது என்னைப் பார்த்து, "நீலத்துல வெள்ளைக் காலர் வச்ச கவுனு உங்களுதாங்க்கா? ரொம்ப நாள் போட்டேன்" என்றாள்.

நைனா, எனக்கு வந்த கோபத்தில் சேவியரை அறைந்திருப்பேன். அவனை அறைந்து என்ன பயன்? உன் வாயைத்தான் அவன் மாட்டிக்கொண்டிருந்தான். குதிரைகளிடம் ஒழுங்காக இருந்தவன் நீ. எந்தக் குட்டியையும் தாய் பெயர் தெரியாமல் விட்டதில்லை. பெற்ற பெண் ஒருத்தியை முப்பத்தெட்டு வருடம் தகப்பன் எழுத்து இல்லாமல் விட்டாய். அவளுக்குத் தாய் போதும் என்றாய். எங்களுக்கு மட்டும் உன் எழுத்தை ஒட்டினாய், எங்கள் தாயை மறந்தாய். சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

நேற்று கல்லறை வாசலில் இருக்கும் கல் செதுக்குகிறவரிடம் போனேன். தனியாகத்தான் போனேன். சலவைக்கல் என்றேன். மேலே, பெரிய எழுத்தில், அம்மா பெயர், பிலோமினா. அவளுக்குக் கீழே நீ.

"ஆம்பள பேரு கீயவா? நல்லா இருக்காதும்மா" என்றார்.

"அவரு லைன்ல அப்படித்தான்யா. நீ வெட்டு."

பிள்ளைகள் பெயர் கேட்டார். உன் எழுத்தோடு சூ. சேவியர் என்றேன். சூ. கவிதா என்றேன். பிறகு என் பெயர், பி. லூர்துமேரி. அவர் சாக்பீஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, பெரிய பொண்ணுக்கு மட்டும் எய்த்து மாறுது? தப்பா சொல்லிட்டியா?"

"கரீட்டாத்தான் சொல்றேன். ஒரு எய்த்துதான் கைல இருந்திச்சி. அத தங்கச்சிக்குக் குட்த்துட்டேன்."

சேவியர் இனி பேசுவானா தெரியாது. கவிதாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கல்லறைத் திருநாளுக்கு வா, ராத்திரி நம் வீட்டில் தங்கு என்றேன். வரும்போது மல்லம்மாவைப் பெற்றவள் பெயரைக் கேட்டுக்கொண்டு வா என்றும் சொன்னேன்.

ஏனென்றால் உன்னிடமிருந்து எனக்கு வந்து ஒட்டிக்கொண்டது வேறொன்று இருக்கிறது, அதை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. லாரி எடைமேடையில் ஏறி நிற்கும்போது, முள் ஆடி அடங்குகிற நேரத்தில், என் உதடு தானாக முணுமுணுக்கும். செவந்தி பெற்ற ஒன்பது, செவந்தியைப் பெற்றவள், அவளைப் பெற்றவள். ஐந்து தலைமுறை எனக்குத் தலைகீழாகத் தெரியும். என் அம்மாவைப் பெற்றவள் பெயர் சவரியம்மா. அவளைப் பெற்றவள் யார் என்று எனக்குத் தெரியாது, நைனா. கேட்டுச் சொல்ல ஒருத்தரும் மிச்சமில்லை. நம் வீட்டில் ஒருவரும் அதை ஒப்பித்ததே இல்லை.