சத்தம் இல்லாமல் பார்த்த முகம்

பெங்களூரு
12.1.2025

அன்புள்ள அக்கா சப்ரினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிமலைப் பனியில் உன் இருமல் எப்படி இருக்கிறது? நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் காகிதம் தேடிப்பிடித்து எழுதுகிறேன்.

நாலு வருஷமாக நாங்கள் செய்துவந்த துப்பறியும் கேம் போன மாதம் வெளியாகிவிட்டது. விளையாடுகிறவர்தான் போலீஸ் அதிகாரி. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தே, அவர் சொல்வது உண்மையா பொய்யா என்று கண்டுபிடித்துப் பட்டனை அமுக்க வேண்டும். தொண்டையில் எச்சில் இறங்குவது வரை நிஜ ஆள் மாதிரியே இருக்கும். அந்த முகங்களைச் செய்வதுதான் என் வேலை. சினிமா பார்ப்பது போலிருக்கிறது என்கிறார்கள். அதிலும் ஒரு விதவையை விசாரிக்கும் காட்சியைப் புகழாதவர்கள் இல்லை. அது முழுக்க என் கைவேலை.

உன் மகள் சபாவுக்கும் ஒன்று அனுப்பிவைத்தேன். மச்சான் வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே. மாமன் செய்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளட்டும்.

அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு வரியாவது எழுது.

உன் தம்பி
அன்சர்

வெள்ளிமலை
4.2.2025

தம்பி அன்சருக்கு,

வ அலைக்கும் ஸலாம். இருமல் இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் இருமினால் முதலாளி பூமாலை அண்ணன் சும்மா விடுவாரா? சுபைரை இன்னும் மச்சான் என்று எழுதுகிறாய். தலாக் ஆகி ஆறு வருஷம் ஆகிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு நான் மலையிறங்கி கள்ளக்குறிச்சிக்குப் போவேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜூஸ் கடையில் சபாவோடு இரண்டு மணி நேரம். எனக்கு விட்டுவைத்தது அவ்வளவுதான். முந்தாநாள் அவள் ஜூஸைத் தொடவே இல்லை.

"அம்மா, மாமா கேம்ல ஒரு பொம்பள வர்றாங்க. மூஞ்சி வேற. ஆனா உன்ன மாதிரியே பேசிக்கினு இருக்காங்க. கீழ பாத்துக்கினு, கட்டவெரலால ஒதட்டத் தொடச்சிக்கினு... நான் உண்மைன்னு அமுத்துனேன். தப்புன்னு வந்துச்சும்மா."

பூமாலை அண்ணன் மகள் இசைவாணி அந்தக் காட்சியைத் தன் போனில் யூடியூபில் தேடி எடுத்துக் காட்டினாள். அது நான்தான். சுபைர் என்னை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்ட மறுநாள், நீ வீடியோ காலில் "நெஜமா தள்ளுனாரா?" என்று கேட்டபோது இருந்த நான். அது எப்படி உன் கேமுக்குள் வந்தது?

சப்ரின்

பெங்களூரு
15.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை மன்னித்துவிடு. வேலைக்காக முகங்களைச் சேர்த்துவைக்கும் பழக்கத்தில், அன்றைய வீடியோ காலை நான் பதிவு செய்து வைத்திருந்தேன்.

எங்கள் கேமரா முன் அந்த விதவையாக நடித்த பெண் எவ்வளவு செய்தும் டைரக்டருக்குத் திருப்தி ஆகவில்லை. "நடிப்பு வேணாம், நெஜமா பொய் சொல்ற மூஞ்சி வேணும்" என்றார். உன் வீடியோவைக் காட்டினேன். முகத்தை மட்டும் கவனிக்க வேண்டும் என்பதால் நாங்கள் எப்போதும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்போம். பார்த்ததும் "இதுதான்" என்று கைதட்டினார். அந்த நடிகை உன்னைப் பார்த்தே பழகிக்கொண்டாள். மீதியை நான் திருத்தினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் தலாக் சமயத்தில் கலீலுல்லா மாமா வீட்டில் பெரியவர்கள் கூடி என்னிடம் கேட்டார்கள். "அக்கா மூஞ்சியப் பாத்தா பொய் மாதிரிதான் இருக்கு" என்று சொன்னேன். அதன் பிறகுதான் பிள்ளை தகப்பனிடமே இருக்கட்டும் என்று முடிவானது. இதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன் கடிதம் வந்ததும் பயந்துபோய் ஆபீசில் சொல்லிவிட்டேன். நீ சம்மதித்ததாக ஒரு படிவம் கேட்கிறார்கள். இதோடு வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டுக் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு அக்கா.

அன்சர்

வெள்ளிமலை
24.2.2025

அன்சருக்கு,

பெரியவர்கள் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்தார்கள் என்று ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

நான் ஏன் கீழே பார்த்தேன் என்று சொல்கிறேன். போனுக்குக் கீழே, என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு சபா நின்றாள். ஆறு வயசு. அவள் எதிரில் அவள் அத்தாவைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உதட்டைத் துடைத்தது, உள்ளே கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்ததால்.

சத்தத்தை வைத்து ஒருமுறை கேள். சபா பேசுவாள்.

சபாவை என்னிடம் தரும்படி கள்ளக்குறிச்சி கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன். ஜெயசுதா என்ற வக்கீல் எடுத்திருக்கிறார். அந்த வீடியோவை அவருக்கு அனுப்பிவை. நீ கேட்கும் தேதியைப் போட்டே கையெழுத்திடுகிறேன்.

சப்ரின்

பெங்களூரு
10.3.2025

அக்கா,

கேட்டேன். நான்கு முறை கேட்டேன். "அத்தா தள்ளுனாருன்னு சொல்லும்மா" என்கிறாள். நீ "சும்மா இருடி" என்கிறாய். அன்றைக்கும் இது என் காதில் விழுந்திருக்கும். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆபீஸ் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் அந்தப் பதிவு எங்கேயும் இருக்கக் கூடாது என்று கம்பெனி வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை அவர்கள் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். எனக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது அக்கா. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. அடுத்த அப்டேட்டில் அந்தக் காட்சிக்கு 'உண்மை' என்பதே சரியான விடை என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் சம்மதித்துவிட்டார்கள்.

படிவத்தை மட்டும் அனுப்பிவிடு.

அன்சர்

வெள்ளிமலை
21.3.2025

அன்சருக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

வீடியோ போய்விட்டது என்றதும் வக்கீலம்மா, "அத கேட்ட ஆளு உயிரோடதான இருக்காரு?" என்றார். சாட்சிப் பட்டியலில் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். உன் கடிதங்களையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். சம்மன் உன் ஆபீஸ் முகவரிக்கு வரும்.

அன்றைக்குக் கோர்ட்டில் சுபைர் இருப்பான். கலீலுல்லா மாமா இருப்பார். நானும் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. காதால் கேட்டதைச் சொல்.

அதைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடு. வெள்ளிமலைக்கு வராதே. இனிமேல் நீ கடிதம் எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லி போஸ்ட்மேனிடம் சொல்லிவிட்டேன்.

சப்ரின்