மூச்சு எடுக்கும் இடம்

மே 4, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். மாங்காய் லாரிகள் வரிசையாகக் கூழ் ஃபேக்டரிக்கு. பத்தரைக்குள் துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

அருளின் போன். லீவு கிடைத்துவிட்டதாம். 14ஆம் தேதி காலை தருமபுரி ஸ்டேஷன். இருபது நாள்.

போன வருடம் மாதிரி ஆகிவிடக்கூடாது. பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் ஊதுகிறவர், பல மாதம் கழித்து வீட்டுக்கு வந்தால் பெற்ற பெண் அலறினாள். ஜெனிக்கு அப்போது இரண்டரை வயது. கடைசி நாள் வரை அவர் மடியில் உட்காரவில்லை. அவர் ஆசையாகக் கிளாரினெட்டை எடுத்து ஊதினார், அழுகை இன்னும் கூடிற்று. அப்புறம் அந்தப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை. கிளம்பும்போது, "பரவால்ல உடு, கொழந்ததானே" என்றார். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. தலை நிமிராமல்.

மே 6, புதன்

பொங்கலிலிருந்து நடக்கும் விளையாட்டு. ஜெனியும் பக்கத்து வீட்டு ஷிஃபாவும். போனில் ஏதாவது வாத்தியம் போட்டுவிடுவேன், கேட்டு ஆட வேண்டும். இதுவரை:

புல்லாங்குழல் – குதிகால் தரையில் படக்கூடாது.
ஓபோ என்ற மேல்நாட்டுக் குழல் (யூடியூப்) – பாம்பு. வயிற்றால் ஊர்தல். இரண்டு கவுன் நாசம்.
நாகஸ்வரம் – ஓட்டம். நான் சொல்லித்தரவில்லை, அவர்களாகவே.
கிளாரினெட், அடிக்குரல் – யானை.
ஊதுகிறவர் மூச்சு எடுக்கும் சத்தம் – அப்படியே நிற்க வேண்டும், தூக்கின காலோடு.

கிளாரினெட் எல்லாம் அருள் வாட்ஸப்பில் அனுப்பியவை. பயிற்சி செய்யும்போது பதிந்தவை.

ஷிஃபாவின் அம்மா நூர்ஜகான் அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். "என்னா ஸ்டெல்லா, வூட்ல யானை கட்டி வளக்கறயா? இங்க மிதிக்கற மிதியில அங்க என் மிஷினு ஆடுது. நேத்து அவங்கப்பா கொறட்ட உட்டாரு, இவ எந்திரிச்சு ஒத்தக்கால்ல நிக்கறா!"

கவனம் வருவதற்காக என்று சொல்லிச் சமாளித்தேன். பொய். அந்த இடத்தில் பிள்ளைகள் நின்றால்தான் வீடு அமைதியாகிறது. பதிவில் யாரோ ஹிந்தியில் பேசுவது, வாளி உருள்வது, நடுவில் அந்த மூச்சு. என் கழுத்துக்குப் பக்கத்தில் கேட்ட அதே மூச்சு. அதைக் கேட்கத்தான் அந்த விதி.

மே 9, சனி

வாங்க: ரவை, கொசுவர்த்தி, அருளுக்கு லுங்கி ஒன்று.

ஜெனியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "இது யாரு ஊதறது?"
"யானை."
"யானை எப்படிடி ஊதும்?"
"தும்பிக்கைல."
ஷிஃபா: "ஐய, அது போனு."

அப்பா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் யானையையும் வேண்டாம் என்றுவிடுவாளோ. வீடியோவில் அவர் முகம் தெரிந்தாலே போனைத் தள்ளுகிறாள். அவரிடமும் இந்த விளையாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. நம்ப வைத்து, அதுவும் நடக்காமல் போனால்?

மே 12, செவ்வாய்

புழுக்கம். மழை வருவது மாதிரி வந்து மாரண்டஹள்ளிப் பக்கம் போய்விட்டது.

நூலகப் புத்தகம் இன்னும் 41ஆம் பக்கம். பிரிவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பெண்களை ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் பால் பொங்குவதைப் பார்த்து நிற்கும்போது வருகிறது. இன்று பொங்கி வழிந்தது.

அருள் ரயில் ஏறிவிட்டார். தலையணை உறை மாற்றினேன். இரண்டுக்கும்.

மே 14, வியாழன்

ஒன்பதரைக்கு வந்தார். இளைத்திருக்கிறார். ஜெனி சமையலறைக் கதவுக்குப் பின்னால். அவர் கூப்பிடவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. டீ குடித்தார். ரயிலைப் பற்றிப் பேசினார்.

"பெட்டியத் தொறங்க" என்றேன்.
"வேணாம் ஸ்டெல்லா. போன தடவயே..."
"தொறங்க சொல்றேன்."

கிளாரினெட்டைத் துண்டு துண்டாக எடுத்துப் பொருத்தினார். ஊதும் முனையின் ரீடை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். பிறகு அடிக்குரலில் ஆரம்பித்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கால். தொம். அடுத்த கால். தொம். ஜெனி தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டாள். அலமாரியில் போனைத் தேடினாள். போன் என் கையில், அணைந்திருந்தது. அப்புறம்தான் அவரைப் பார்த்தாள். அழவில்லை. நடந்தாள்.

அவர் மூச்சு எடுத்தார். அவள் நின்றாள், ஒரு கால் அந்தரத்தில்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். முகமே விழுந்துவிட்டது. "பாரு, பயந்துட்டா." பெட்டியை நோக்கிக் குனிந்தார்.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெனி, தள்ளாடிக்கொண்டே, நேராக அவரைப் பார்த்து:

"சீக்கிரம் ஊது. காலு வலிக்குது."