குண்டுக்குச் சுற்றிய காகிதம்

செயின்ட் ஜேம்ஸ் டவுன்,
டொராண்டோ
11 நவம்பர் 1973

என் கண்ணு லலிதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பையனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே குளிர் வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தால் நெருப்பைத் தொட்ட மாதிரி கையை எடுக்க வேண்டியிருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதற்கு மேல் கேட்காதே.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. பட்டறையில் மிஷினுக்குப் பக்கத்திலேயே விழுந்தார் என்று தந்தியில் சொன்னதுதான் உனக்குத் தெரியும். மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கே எரிப்பது ஒரு கட்டிடத்துக்குள்ளே. கோட்டுப் போட்ட ஒருத்தர் பொத்தானை அமுக்கினார், கதவு மூடிக்கொண்டது. நெருப்பையும் பார்க்கவில்லை, புகையையும் பார்க்கவில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

அவருடைய துப்பாக்கி ஊருக்கு வெளியே யூனியன்வில்லில் டக் என்பவரின் பண்ணையில் இருக்கிறது. டக் அப்பாவோடு பட்டறையில் வேலை பார்த்தவர். அது வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பழைய துப்பாக்கி, மார்ட்டினி என்று பேர். ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான் போடலாம். அந்தத் தோட்டா இப்போது கடைக்கு வருவதில்லை. அதனால் அப்பாவே செய்துகொள்வார். என் நடுவிரலை விட நீளமான பித்தளைக் குப்பி, புட்டி மாதிரி கழுத்து குறுகியிருக்கும். அடியில் ஒரு கேப்பு, அடி விழுந்தால் தீப்பொறி விடுகிற சின்ன மூடி. உள்ளே கறுப்பு வெடிமருந்து, அதன் மேல் அட்டை, தேன்மெழுகு, மறுபடி அட்டை. கடைசியில் காரீயக் குண்டு. குண்டை அப்படியே வைக்க முடியாது, ஈயம் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய காகிதத்தை நனைத்து, பீடி சுற்றுகிற மாதிரி அதன் மேல் சுற்ற வேண்டும். அது என் வேலை. "உனக்குத்தான் புள்ள கை நடுங்காது" என்பார். மருந்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். அது டக்கின் கொட்டகையோடு சரி.

இப்போது சாப்பாட்டு மேஜையில் ஒரு குண்டு காகிதம் சுற்றாமல் நிற்கிறது. பக்கத்தில் அதற்கான குப்பி, கேப்பு வைத்துத் தயாராக. துப்பாக்கியை விற்றுத் தரட்டுமா என்று டக் கேட்டார். இந்த ஒன்றைச் சுட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். யார் சுடுவது என்றார்.

பையனுக்குப் பல் வந்ததா?

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா நாகலட்சுமி


கோயமுத்தூர்
2 டிசம்பர் 1973

அன்புள்ள அம்மா,

பல் இரண்டு வந்துவிட்டது. நீ துப்பாக்கிக்கு ஒரு பக்கம் எழுதி, பேரனுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாய். பரவாயில்லை.

அம்மா, உனக்கு எதற்கு இந்த வேலை? மருந்தும் கேப்பும் தொடுகிற வயசா? தனியாக அந்த வீட்டில் உட்கார்ந்து குண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. அந்த டக்கிடம் கொடுத்துவிட்டு வந்துவிடு. மாடி அறையை உனக்காக வெள்ளையடித்து வைத்திருக்கிறார் உன் மாப்பிள்ளை.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் கல்யாணத்துக்கு அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. துப்பாக்கிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் நேரம் கிடைத்தது. மணவறையில் சித்தப்பா என் கையைப் பிடித்துக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு வரி எழுத எனக்கு மனசு வரவில்லை. இப்போது எழுதவும் ஆள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லலிதா


டொராண்டோ
20 டிசம்பர் 1973

என் லலிதாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டது சரிதான். லீவு கேட்டபோது, போனால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது நாங்கள் இங்கே வந்து சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் இதை உனக்கு எழுதுகிறேன் என்றபோது, வேண்டாம், சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும் என்றார். துப்பாக்கி அதற்கப்புறம் ரொம்ப நாள் கழித்து வந்தது.

ஒரு நாள் என்னையும் பண்ணைக்குக் கூட்டிப் போனார். காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். பட்டாசு மாதிரி பட்டென்று வெடிக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை, கண்ணு. வயிற்றுக்குள்ளே கேட்டது. வேலிக்கம்பி அதிர்ந்தது, மாடுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. பிறகு வெள்ளைப் புகை, சுவர் மாதிரி எழும்பி நகராமல் நின்றது. அப்பா அதற்குள்ளே இருந்தார், எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தொப்பி தெரிந்தது, அப்புறம் முகம். முகமெல்லாம் சிரிப்பு. "நூறு வருசத்துக்கு மிந்தி கேட்டவனும் இதே சத்தத்தத்தான் கேட்டிருப்பான் புள்ள. ஒரு மாத்தமும் இல்ல." அந்த இடத்தில் எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து காகிதம் துண்டு துண்டாக, பூ உதிர்கிற மாதிரி விழுந்தது. குண்டு போய்விடும், காகிதம் குழல் வாயிலேயே கழன்றுவிடும்.

அந்தக் காகிதம் எது என்று உன்னிடம் சொன்னதில்லை. உன் கடுதாசிதான். நீ எனக்கு எழுதி முடித்து, கீழே பாதிப் பக்கம் காலியாக விடுவாய். ஒவ்வொரு தடவையும் "எனக்கு ஏதாச்சும் எழுதிருக்காளா?" என்று கேட்பார். விசாரித்திருக்கிறாள் என்று பொய் சொல்வேன். அவருக்குத் தெரியும். கத்தரியை எடுத்து அந்தக் காலி இடத்தை மட்டும் வெட்டிக்கொள்வார். நான் ஒரு நாள் சண்டை பிடித்தேன், கடையில் காகிதமா இல்லை என்று. அவர் சொன்னது:

"எனக்கு எழுத வேண்டிய எடத்தத்தான அவ சும்மா உட்டுருக்கா? அப்ப இது எனக்கு வந்ததுதான்."

மேஜையில் நிற்கிற குண்டுக்கு ஏன் காகிதம் சுற்றவில்லை தெரியுமா? பையன் பிறந்ததை எழுதினாயே, அந்தக் கடுதாசியில் ஓரம்கூட விடாமல் எழுதியிருந்தாய். அவ்வளவு சந்தோஷம் உனக்கு. அவரும் எழுத்துக் கூட்டிக் கூட்டி நாலைந்து தடவை படித்தார். வெட்டிக்கொள்ளக் காலி இடம் இல்லை. "அடுத்தது வரட்டும்" என்றார். அடுத்தது வந்தபோது அவர் இல்லை.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. டிசம்பர் கடுதாசியிலும் கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. அதை வெட்டிச் சுற்றிவிடலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர் தகரத்தில் வெட்டி வைத்த அளவு ஒன்று இருக்கிறது, சாய்வாக, நாமக்கட்டி நீளத்துக்கு. அதைச் சுற்றிக் கோடு போட்டு ஒரு காகிதம் இதோடு வைத்திருக்கிறேன். ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். இடம் இருக்கிறது. எழுதத் தோன்றினால் கோட்டுக்குள் எழுது. பென்சிலில் எழுது, மை தண்ணீரில் கரைந்துவிடும். நான் படிக்க மாட்டேன்.

மாடி அறையை நான் வருகிற வரைக்கும் பூட்டி வைக்கச் சொல். குட்டிப் பையனுக்கு என் முத்தம்.

அம்மா


கோயமுத்தூர்
14 ஜனவரி 1974

அம்மா,

பொங்கல் பானை பொங்கும்போது பக்கத்தில் நிற்காமல் உள்ளே போய் எழுதிக்கொண்டிருந்தேன். மாமியாருக்குக் கோபம்.

இந்தச் சின்ன இடத்தில் என்னம்மா எழுதுவது? நாலு காகிதம் வெட்டி எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் திட்டியிருந்தேன். கடைசியாக எழுதியதைத்தான் நீ கோடு போட்டுக் கொடுத்த காகிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். படிக்காதே.

நீயே சுடு. வேறு யாரும் வேண்டாம்.

லலிதா


டொராண்டோ
4 பிப்ரவரி 1974

என் தங்கமே,

நேற்று ஞாயிற்றுக்கிழமை சுட்டேன்.

காகிதம் சனிக்கிழமைக்குத்தான் வந்தது. அன்று மத்தியானமே நனைத்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி சுற்றினேன். படிக்கவில்லை. ஒரு ஓரமும் இன்னொரு ஓரமும் ஏறிக்கொள்ளாமல் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நின்றது. மிஞ்சின காகித வாலை முறுக்கி அடியில் மடக்கி வெயில் படுகிற ஜன்னலில் வைத்தேன். காய்ந்ததும் காகிதம் ஈயத்தோடு ஈயமாக இறுகிப் போனது.

டக் காரில் வந்து கூட்டிப் போனார். பண்ணை முழுக்கப் பனி. கொட்டகையில் மருந்தை அளந்து நீளக் குழாய் வழியாக மெதுவாக ஊற்றினோம். அட்டை, மெழுகு, அட்டை, கடைசியில் குண்டு வைத்து அழுத்தினேன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே துளி இடம் இருக்கக் கூடாது, இருந்தால் குழலே வீங்கிவிடும் என்று அப்பா சொல்வார். டக் சரி என்று தலையாட்டினார். நான் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தேன்.

துப்பாக்கி என் தோளுக்குக் கனம். டக் நிற்கிற விதத்தைக் காட்டிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். தனியாக நின்றேன். எதையும் குறி வைக்கவில்லை, எதிரே இருந்த மண்மேட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சத்தம் வந்தது எனக்குக் கேட்கவே இல்லை. தோளில் யாரோ பலமாகக் கை வைத்துத் தள்ளின மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால் எல்லாம் வெள்ளை. கீழே பனி, எதிரே புகை, மேலே வானம், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அவரை எரித்த அன்றைக்குப் பார்க்காததை எல்லாம் சேர்த்து நேற்றுப் பார்த்தேன், லலிதா. காற்றே இல்லை. அது அவசரப்படாமல் என்னைச் சுற்றி நின்றது. பிறகு எழும்பி மரத்துக்கு மேலே போனது. போகிற வரைக்கும் பார்த்தேன்.

காகிதம் பனியில் கிடந்தது. நகத்தளவுத் துண்டுகள், சிலதில் பென்சில் கோடு. டக் குனிந்து பொறுக்கப் போனார், வேண்டாம் என்றேன். கார் ஏறுகிறபோது பனி விழ ஆரம்பித்தது.

ஒன்று சொல்ல மறந்தேன். நான் துப்பாக்கியை இறக்கின பிறகு, சத்தம் தூரத்துக் காட்டுக்குள் போய் மோதி, மறுபடியும் ஒரு தடவை வந்தது. இந்த முறை மெதுவாக. அது எனக்கு நன்றாகக் கேட்டது. என்னவென்று நான் சொல்ல மாட்டேன். வந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

துப்பாக்கியை டக்கிடமே விட்டுவிட்டேன். காலிக் குப்பியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், சித்திரையில் வரும்போது கொண்டுவருகிறேன். துணியைப் பிரித்துக் குப்பியின் வாயை மோந்து பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா சட்டையில் அடிக்கிற அதே வாசனை.

அதுவரைக்கும் எனக்கு எழுது. கீழே இடம் விடாதே.

அம்மா