அணில் மேல் பழி

என் ராசாத்திக்கு,

நீ வளர்க்கும் ரோஜாச் செடியின் ஒரே மொட்டை நம் மகள் கிள்ளிவிட்டு, அணில் தின்றதாகச் சாதித்தாள். "அணிலையும் கடவுள்தாம்மா படைச்சாரு. அது மேல பழி போடலாமா?" என்றேன். உடனே ஜன்னலுக்கு ஓடி அணிலிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்கால ஜெபத்தில் என் குட்டு உடைந்தது.

"இயேசப்பா, அம்மா வேலை விஷயமா வெளியூர் போயிருக்காங்கன்னு அப்பா பொய் சொல்றாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டை நான் பாத்துட்டேன். அப்பா பாவம், பயந்துட்டாங்க. மன்னிச்சிடுங்க."

'ஆமென்' என்று அவளே எனக்கும் சேர்த்துச் சொன்னாள்.

நாளை அவளையும் கூட்டிவருகிறேன். உன் முடியெல்லாம் எங்கே என்றுதான் முதலில் கேட்பாள். தயவுசெய்து அணில் மேல் பழி போட்டுவிடாதே.

இப்படிக்கு,
மன்னிப்புக் கிடைத்த உன் பொய்யன்